பனி கரையமுன் வீட்டைத் தயார்ப்படுத்துங்கள்

ஏப்ரலில் வாசலில் விற்பனைப் பலகை நிற்கவேண்டும் என்றால் பெப்ரவரியில் வேலை தொடங்கவேண்டும். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான் போன் எடுப்பார்கள். "அடுத்த கிழமை படம் எடுக்க ஆள் வருகுது அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ" என்பார்கள். ஒரு கிழமையில் கூட்டித் துடைக்கலாம். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் பகுதிகளில் விற்பனைக்கு வரும் வீடுகளைத் தயார்ப்படுத்திக் கொடுப்பது என் தொழில். நான் ஏஜென்ற் இல்லை, ஆகவே விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பலகை நடுவதற்கு முந்திய வேலைதான் என்னுடையது. போகும் வீடுகளில் பாதிக்குமேல் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற வீடுகள், அதனால் இங்கே எழுதுவதும் அந்த வீடுகளை வைத்துத்தான்.

ஸ்ரேஜிங், அதாவது விற்பனைக்காக வீட்டை ஒழுங்குபடுத்தி அலங்கரிப்பது, என்றவுடன் வெள்ளைச் சோபாவும், நாலு குஷனும், கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழமும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அது கடைசி நாள் வேலை, அரை நாளில் முடிந்துவிடும். வீடு பார்க்க வருகிறவர் பெரும்பாலும் அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை. அந்த நேரத்துக்குள் வீட்டை ரசிப்பதைவிட அவருக்கு அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. எங்கே பிழை, எது செலவு வைக்கும் என்று தேடுவார். மணம், ஈரம், இருட்டு என்ற மூன்றும் அவருடைய சந்தேகத்தைக் கிளப்பிவிடும். சந்தேகம் வந்தபின் குஷன் ஒன்றும் செய்யாது. காசும் நேரமும் எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதலில் இந்த மூன்றில் போடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

வசந்தத்தில் வாங்குகிறவர்கள் அதிகம் என்பது உண்மை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் முடியும், செப்டெம்பரில் புதுப் பள்ளிக்கூடம் தொடங்கும், அதற்கிடையில் வீடு மாறவேண்டும். மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியபிறகு, வேலை முடிந்து வருகிறவர்களும் வெளிச்சத்தில் வீடு பார்க்கலாம். ஆனால் விற்கிறவர்களும் அதிகம். உங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பலகை நிற்கும். அதே சனிக்கிழமை அந்த வீடுகளையும் பார்த்துவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

இன்னொரு விசயம், படம் எடுக்கும்போது முற்றத்தில் பனி கிடக்கக்கூடாது. மே மாதத்தில் விளம்பரத்தைத் திறக்கிற ஒருவர் படத்தில் பனியைப் பார்த்தால், இந்த வீடு குளிர்காலம் முழுக்க விலைப்படாமல் கிடந்தது என்றுதான் நினைப்பார். போன கோடையில் எடுத்த நல்ல படம், பின்வளவில் ரோசா பூத்து நிற்கிற படம், உங்கள் போனில் இருந்தால் ஏஜென்றிடம் கொடுத்துவையுங்கள்.

முதலில் மணம்

நாலைந்து மாதம் யன்னல் திறக்காமல் தாளித்து, பொரித்து, மீன்குழம்பு வைத்த வீடு. அதற்குள் இருக்கிறவர்களுக்கு மணம் தெரியாது, மூக்குப் பழகிவிடும். தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு சனி ஞாயிறு எங்கேயாவது போய்த் தங்கிவிட்டு வாருங்கள். கதவைத் திறந்து முதல் மூச்சு இழுக்கும்போது என்ன வருகிறதோ அதுதான் வாங்க வருகிறவருக்கும் வரும். அல்லது வேலைத்தலத்தில் கூச்சமில்லாமல் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிவந்து கேளுங்கள். சொந்தக்காரரைக் கேட்டுப் பிரயோசனமில்லை, அவர்கள் வீட்டிலும் அதே மணம்தான்.

நண்டுக்கறி மணம் பிழையென்று நான் சொல்லவில்லை. தமிழர் வாங்கினாலும், சீனர் வாங்கினாலும், குஜராத்திகள் வாங்கினாலும் அவரவர் சமையல் அவரவருக்கு. ஆனால் அடுத்தவர் சமையல் சுவரில் ஊறிக் கிடப்பது யாருக்கும் பிடிக்காது. சாம்பிராணி போடுவது, வாசனை மெழுகுதிரி கொளுத்துவது, பிளக்கில் மாட்டுகிற வாசனைக் குப்பி வைப்பது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். எதையோ மறைக்கிறார்கள் என்று வாசலிலேயே தெரிந்துவிடும்.

மணம் காற்றில் மட்டும் இல்லை. காற்றை எவ்வளவு வெளியேற்றினாலும், எண்ணெய்ப்படை இருக்கும்வரை அது திரும்பி வரும். குசினியில் ஒரு கதிரையைப் போட்டு ஏறி, மேல் அலுமாரியின் உச்சியில் விரலை வைத்துப் பாருங்கள். மஞ்சளாக, பிசின்மாதிரி, தூசியோடு சேர்ந்து ஒட்டும். அங்கே இருப்பது அடுப்புக்குப் பின்சுவரிலும், சீலிங்கிலும், மின்விசிறித் தகட்டிலும், திரைச்சீலையிலும் மெல்லிசாக இருக்கிறது.

அடுப்புக்கு மேல் இருக்கிற ஃபானின் கம்பிவலையைக் கழற்றி, சுடுதண்ணியில் சட்டி கழுவுகிற சவர்க்காரமும் பேக்கிங் சோடாவும் போட்டு ஊறவையுங்கள். வருசக்கணக்கான கறை என்றால் புது வலை வாங்குவது சுகம். சில வீடுகளில் அடுப்புக்கு மேல் மைக்ரோவேவ்தான் ஃபானாகவும் இருக்கும். அதில் பல, புகையை வெளியே தள்ளாமல் ஒரு கரி ஃபில்டருக்குள்ளால் திருப்பி வீட்டுக்குள்ளேயே ஊதும். அந்த ஃபில்டர் மாற்றவேண்டிய ஒன்று என்பதே பலருக்குத் தெரியாது. அடுப்பை இழுத்து வெளியே எடுத்துப் பக்கவாட்டையும் பின்னையும் கழுவுங்கள்.

சுவருக்கும் சீலிங்குக்கும் எண்ணெய்ப்படையைக் கழுவி எடுக்கிற ரிஎஸ்பி என்ற தூள் பெயின்ற் கடைகளில் இருக்கும். கையுறை போட்டுக் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணியால் இன்னொருமுறை துடைத்துக் காயவிடவேண்டும். இதைச் செய்யாமல் மேலே பெயின்ற் அடித்தால் மஞ்சள் கறை மூன்றாம் கிழமை எட்டிப்பார்க்கும். கறையும் மணமும் கூடுதலான இடங்களில் கறையையும் மணத்தையும் அடைக்கிற அடிப்பூச்சான ஷெல்லாக் பிறைமர் ஒரு பூச்சு அடித்துவிட்டுப் பெயின்ற் அடியுங்கள். அந்தப் பிறைமரின் மணமே தலையைச் சுற்றவைக்கும், அதனால் யன்னல் திறக்கக்கூடிய ஒரு நாளைப் பாருங்கள்.

பலர் மறக்கிற இடம் வாசல் அலுமாரி. குளிர்காலக் கோட்டு, ஜாக்கெட் எல்லாம் பொரித்த மணத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். குசினியைக் கழுவி, பெயின்ற் அடித்து, திரைச்சீலை மாற்றியபின்னும் ஒரு வீட்டில் மணம் போகவில்லை என்றால் நான் நேரே அந்த அலுமாரியைத்தான் திறப்பேன். ஜாக்கெட்டுகளைக் கழுவக் கொடுத்து, பெட்டியில் போட்டு, வீட்டைவிட்டே அனுப்புங்கள். திரைச்சீலையைக் கழுவுங்கள், பழசென்றால் எறியுங்கள். கார்ப்பெட் நீராவியில் கழுவினாலும் மணக்குதென்றால் அதை மாற்றுகிற செலவு நியாயமான செலவுதான். கடைசியாக, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் ஃபில்டரை மாற்றுங்கள். வீட்டுக் காற்று முழுக்க அதற்குள்ளால்தான் சுற்றுகிறது.

குசினி மேசைத்தட்டில் மஞ்சள்தூள் கறை இருந்தால் அமிலம், பிளீச் என்று பாயாதீர்கள். பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசித் துடைத்துவிட்டு வெயில் படவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கும். யன்னலோரத் தட்டு என்றால் நாலைந்து நாளில் வித்தியாசம் தெரியும்.

கராஜுக்குள் காஸ் அடுப்பு வைத்து, மிளகாய் வறுக்கவும் கருவாடு பொரிக்கவும் பாவிக்கிற வீடுகள் நிறைய. புரொப்பேன் சிலிண்டர் உள்ளே இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். காஸ் குழாய் இழுத்துப் பூட்டியிருந்தால், அது ஒன்ராறியோவில் காஸ் பாதுகாப்பைக் கவனிக்கிற ரிஎஸ்எஸ்ஏயில் பதிவுள்ள ஆள் செய்த வேலையா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவுள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் கழற்றி மூடுவதுதான் நல்லது.

ஈரம்

வசந்தத்தில் விற்கிறவருக்குள்ள பெரிய பிரச்சினை இது. பனி கரைகிற நேரத்தில்தான் பேஸ்மென்ற் தன் குணத்தைக் காட்டும், அதே நேரத்தில்தான் வாங்க வருகிறவரும் இறங்கிப் பார்ப்பார்.

மார்ச்சில் நல்ல மழை பெய்கிற, அல்லது பனி வேகமாகக் கரைகிற ஒரு நாளில் ரோர்ச் லைற்றோடு கீழே இறங்குங்கள். ஃபர்னஸ் அறை, படிக்குக் கீழே, சாமான் அடுக்கிய மூலைகள் எல்லாவற்றையும் பாருங்கள். கொங்கிறீற் சுவரில் வெள்ளையாக, உப்புமாதிரிப் பொரிந்து தெரிந்தால் சுவருக்குள்ளால் ஈரம் வந்துபோகிறது என்று அர்த்தம். பேஸ்மென்ற் குழியில் சேருகிற தண்ணியை வெளியே தள்ளுகிற சம்ப் பம்ப் இருந்தால் ஒரு வாளி தண்ணியை ஊற்றி அது வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

பல வீடுகளில் காரணம் வெளியேதான் இருக்கும், திருத்துவதும் மலிவு. பீலிக்குள் இலை அடைத்துத் தண்ணி வழிந்து சுவரோரம் விழும். பீலிக் குழாய் சுவருக்குப் பக்கத்திலேயே முடிந்திருக்கும். அதற்கு நீட்டுக் குழாய் பூட்டி, ஆறடியாவது தள்ளித் தண்ணியை விடுங்கள். சுவரோரம் மண் தாழ்ந்து வீட்டுப்பக்கம் சரிந்திருந்தால் மண் போட்டு வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். பேஸ்மென்ற் யன்னல் குழிகளில் கிடக்கிற சருகை அள்ளுங்கள். பிறகு ஈரப்பதம் குறைக்கிற மெசினை ஓடவிட்டு 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். அந்தப் பழைய பேஸ்மென்ற் மணம் பாதி அதிலேயே போய்விடும்.

மேல்மாடியில் வெளிச்சுவரோரச் சீலிங்கில் மண்ணிறக் கறை இருந்தால், கூரை விளிம்பில் ஐஸ் கட்டி உள்ளே ஒழுகியிருக்கலாம். முதலில் ஒழுக்கைத் திருத்துங்கள், திருத்தியவரின் பில்லை எடுத்துவையுங்கள், அதற்குப்பிறகு பெயின்ற் அடியுங்கள். இந்த ஒழுங்கை மாற்றி, ஈரத்தின் மேலேயே வெள்ளை அடித்துத் தரச்சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த வேலையை எடுப்பதில்லை. ஒன்ராறியோவில் பார்த்தவுடன் தெரிகிற குறை வாங்குகிறவர் பொறுப்பு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத, வீட்டை ஆபத்தாகவோ இருக்கமுடியாததாகவோ ஆக்குகிற குறை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாகவேண்டும். மறைத்து வித்தால் வீடு கைமாறியபின்னும் வழக்கு வரும். இதில் சந்தேகம் இருந்தால் பெயின்ற்காரரையோ என்னையோ கேட்காமல் லோயரைக் கேளுங்கள்.

வீடு நாற்பது ஐம்பது வருசம் பழசென்றால் விற்கமுன் நீங்களே ஒரு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 1960களின் நடுவிலிருந்து 70களின் பிற்பகுதிவரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம். அவ்வளவு பழசில்லாத, 1990களின் நடுவிலிருந்து 2000களின் நடுவரை கட்டிய வீடுகளிலும் கிற்றெக் என்ற, செம்மஞ்சளும் நீலமுமான தண்ணிக் குழாய் இருக்கலாம். இரண்டும் இன்சூரன்ஸில் கேள்வி வருகிற சாமான்கள். வாங்குகிறவரின் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்து விலையைக் குறைக்கக் கேட்கமுன் நீங்கள் தெரிந்துவைத்திருப்பது லாபம்.

சாமானைக் குறையுங்கள், சாமியை அல்ல

இந்தத் தலைப்பில் எல்லா வீட்டிலும் ஒரு சண்டை நடக்கும்.

ஏஜாக்ஸில் ஒரு அன்ரி, நாலாவது படுக்கையறை முழுவதையும் சாமியறையாக வைத்திருந்தா. சுவர் முழுக்கப் படங்கள், மூன்று தட்டில் விக்கிரகங்கள், விளக்குக்கு நேர் மேலே சீலிங்கில் தாச்சி அளவுக்குக் கரி. "பிள்ளை, என்ரை முருகனைப் பெட்டிக்குள்ளை போடச் சொல்லுறீரோ?" என்று கேட்டா. "இல்லை அன்ரி, முருகன் இருக்கட்டும். ஆனால் விளம்பரத்திலை நாலு அறை எண்டு போடப்போறம். வாறவை மூண்டு கட்டிலைத்தான் காண்பினம்" என்றேன். அதுதான் விசயம். படுக்கையறையாக வித்தால் அது படுக்கையறையாகத் தெரியவேண்டும். கடைசியில் முருகனும் ஒரு சின்ன விளக்கும் மாஸ்ரர் அறை அலுமாரியில் ஒரு தட்டுக்குப் போனார்கள். மற்றப் படங்கள் மகன் வீட்டுக்குப் போயின. சீலிங்குக்குப் பிறைமர் அடித்து, ஒரு ஒற்றைக் கட்டிலும் மேசையும் போட்டோம். வீடு காட்டுகிற நாட்களில் விடியவே விளக்குக் கொளுத்தி, யன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும். சாமித்தட்டு இருக்கிற அலுமாரியைப் பார்த்துச் சந்தோசப்படுகிற ஆட்களும் இந்தப் பக்கம் வாங்க வருகிறார்கள், அதனால் ஒளிக்கத் தேவையில்லை.

குடும்பப் படங்கள் கதை வேறு. கல்யாணப் படம், சாமத்தியவீட்டுப் படம், பட்டமளிப்புப் படம் எல்லாம் சுவரளவுக்குப் பெருப்பித்து மாட்டுவது எங்கள் வழக்கம். வருகிறவர் அறையைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதோடு பிள்ளைகளின் முகமும் பள்ளிக்கூடப் பெயரும் விளம்பரப் படத்தோடு இணையத்தில் போய்விடும். எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஆணி ஓட்டையை அடைத்துப் பெயின்ற் அடியுங்கள்.

தளபாடத்தைப் பொறுத்தவரை எங்கள் வீடுகளில் குறை என்று ஒன்றும் இராது, கூடுதலாகத்தான் இருக்கும். ஹோலில் மூன்று சோபா என்றால் ஒன்றை வெளியேற்றுங்கள். முடிந்தால் இரண்டு. கண்ணாடி அலுமாரியும் அதற்குள் இருக்கிற பளிங்குச் சாமானும் போகட்டும். அலுமாரிக் கதவுகளைத் திறந்து பார்ப்பார்கள், அதில் வெட்கம் பார்க்கமாட்டார்கள். பாதி வெறுமையாக இருந்தால் இடம் இருக்கிறது என்று நினைப்பார்கள், முட்ட அடைத்திருந்தால் இந்த வீட்டில் இடம் போதாது என்பார்கள். இருபது கிலோ அரிசி மூட்டை, வெங்காயச் சாக்கு, பெரிய சட்டிகள், திருவலை, இடியப்ப உரல் எல்லாம் ஒரு பெட்டியில் போகட்டும். கராஜில் நிற்கிற பெரிய ஃபிரீசரில் இருப்பதைச் சாப்பிட்டு முடிக்கத் தொடங்குங்கள். அதற்குத்தான் பெப்ரவரி என்று சொன்னேன்.

எல்லாவற்றையும் கராஜுக்குள் தள்ளுவதில் பிரயோசனமில்லை, கராஜையும் திறந்து பார்ப்பார்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஸ்ரோரேஜ் எடுங்கள், அல்லது தம்பி வீட்டுப் பேஸ்மென்றைக் கேளுங்கள்.

பேஸ்மென்றில் வாடகைக்கு ஆட்கள் இருந்தால் அவர்களோடு முதலே கதையுங்கள். வீடு காட்டப் போகிறீர்கள் என்றால் 24 மணித்தியாலத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும், நேரம் காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில் இருக்கவேண்டும். வாங்குகிறவர் தானே வந்து குடியிருக்கப் போகிறார் என்றால் கொடுக்கிற அறிவித்தல் என்12 என்ற படிவம். அதற்குக் குறைந்தது 60 நாள் அவகாசமும், ஒரு மாத வாடகை நட்டஈடும் உண்டு. "வித்தவுடன எழும்பச் சொன்னாச் சரி" என்று நினைத்துக்கொண்டு ஒஃபரில் கையெழுத்து வைத்தால் பிறகு கஷ்டம். இருக்கிறவர்கள் மனம் வைத்தால் கீழ்வீடும் துப்புரவாக இருக்கும். காட்டுகிற மாதத்துக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்து விடுங்கள், அது வீண் போகாது. ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரமும், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரமும் வேலை செய்கிறதா என்று நீங்களே அமத்திப் பாருங்கள்.

வெளிச்சம்

பல்பு மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே ஆக மலிவான மாற்றம், ஆனால் அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சள், ஒரு பல்பு நீலவெள்ளை. கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, கமெரா அதை அப்படியே காட்டும். சுவரின் ஒரு பக்கம் பழுத்த மாம்பழ நிறம், மறுபக்கம் ஆஸ்பத்திரி நிறம். பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். வீடு முழுவதற்கும் 2700 அல்லது 3000, இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குங்கள், கலக்கவேண்டாம்.

பாரமான திரைச்சீலைகளை எடுங்கள். யன்னலை உள்ளும் வெளியும் கழுவுங்கள். பனிக்காலம் முழுக்க உப்பும் ஊத்தையும் தெறித்திருக்கும், உறைபனி விட்டபிறகுதான் வெளிப்பக்கம் கழுவலாம். பூச்சிவலைகளைக் கழற்றி, எந்த யன்னலுக்குரியது என்று எழுதி ஒட்டி, ஃபர்னஸ் அறையில் வையுங்கள். வலை போனவுடன் அறைக்குள் வருகிற வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்காரரே ஆச்சரியப்படுவார்கள்.

சுவர் நிறத்தில் நான் பிடிவாதம். ஹோல் சுவர் ஒன்று குங்குமச் சிவப்பு, பிள்ளையின் அறை ஊதா, குசினி மாம்பழ மஞ்சள் என்றிருந்தால் எல்லாவற்றையும் சூடான வெள்ளைக்கு, அல்லது மெல்லிய கிறீம் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். சாம்பல் நிறம் வேண்டாம். ஏப்ரலில் ரொறொன்ரோ வானமே சாம்பல்தான், வீட்டுக்குள்ளும் எதற்கு?

வெளியே

முன்கதவில் நின்று ஏஜென்ற் சாவிப்பெட்டியைத் திறக்கிற ஒன்றிரண்டு நிமிசம் வருகிறவருக்கு வேறு வேலையில்லை. கதவு, கதவுக் குமிழ், இலக்கத்தகடு, மணி, கால்மிதி எல்லாவற்றையும் அப்போதுதான் பார்ப்பார். கதவுக்குப் புது நிறம், புதுக் கால்மிதி, துடைத்த விளக்கு என்று அந்த நாலைந்தடி இடத்துக்குச் செலவழியுங்கள். உள்வாசல் தரையில் உப்புக்கறை வெள்ளைக் கோடாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்சம் வினாகிரி விட்டுத் துடைத்தால் போய்விடும். மாபிள் தரை என்றால் வினாகிரி வேண்டாம், கல்லை அரித்துவிடும்.

பனி கரைந்தவுடன் புல்லில் இறங்காதீர்கள். கால் வைத்தால் புதைகிற ஈரம் காய்ந்தபிறகு மெதுவாக வாரிவிடுங்கள், பனிக்கடியில் சாம்பலாகப் படுத்த புல் எழும்பும். வாசலுக்கு இரண்டு சட்டி பான்ஸி பூ. அது ஏப்ரல் குளிரைத் தாங்கும். விக்டோரியா டே வரைக்கும், அதாவது மே 24 சுற்றி வருகிற நீண்ட வாரவிடுமுறை வரைக்கும், பெற்றூனியா போன்ற மென்மையான கன்றுகளை வெளியில் வைக்காதீர்கள், ஒரு இரவு உறைபனியில் கருகிவிடும். ரியூலிப் இப்போது நட நேரமில்லை, அது முந்திய ஒக்ரோபர் வேலை.

முன்னால் நிற்கிற மரம் வெளிச்சத்தை மறைக்கிறதென்று தறிக்க வெளிக்கிடாதீர்கள். ரொறொன்ரோ நகரத்துக்குள், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரம் உங்கள் வளவுக்குள் நின்றாலும் அனுமதி வேண்டும். தெருவோர மரம் நகரத்தின் சொத்து. கொப்பு வெட்டுவதையும் தெரிந்தவரிடம் விடுங்கள்.

எதற்குச் செலவழிக்கவேண்டாம்

விற்பதற்காகப் புதுக் குசினி போடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த கல்லும் அலுமாரியும் வாங்குகிறவருக்குப் பிடிக்காமல் போகலாம், போட்ட காசு முழுக்கத் திரும்பி வரும் என்று ஒருவரும் உறுதி தரமுடியாது. கதவு நல்லதென்றால் பெயின்ற் அடித்துக் கைபிடிகளை மாற்றுங்கள். டிரைவ்வேக்குக் கறுப்பு அடிக்க ஏப்ரலிலேயே கதவைத் தட்டிக்கொண்டு வருவார்கள். இரவிலும் 10 பாகைக்கு மேல் நிற்கிற காலம் வரும்வரை அது சரியாகப் பிடிக்காது, அனுப்பிவிடுங்கள். குளியலறையில் ஓடு மாற்றத் தேவையில்லை. பழைய சிலிக்கோனைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டால் போதும்.

வாடகைத் தளபாடம் வெறும் வீட்டுக்குத் தேவை. நீங்கள் குடியிருக்கிற வீடு என்றால் இருப்பதைக் குறைத்து ஒழுங்குபடுத்தினாலே போதும். வெள்ளைப் படுக்கைவிரிப்பும் புதுத் துவாய்களும் வாங்குங்கள், அவை உங்களோடு அடுத்த வீட்டுக்கும் வரும்.

காட்டுகிற நாட்கள்

இந்தக் காலத்தில் அந்த வீட்டில் வாழ்வது கஷ்டம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. காலையில் எழும்பிக் கட்டிலை விரித்து, சிங்க்கைத் துடைத்து, குப்பையை எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும். சமையலை அக்கா வீட்டுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ மாற்றுங்கள், அல்லது சோறு மட்டும் வீட்டில், கறி கடையில். ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை கொடுங்கள். ஏஜென்ற் அரை மணித்தியாலத்துக்கு முன் அடித்தால் வெளியில் கிடக்கிறதெல்லாம் கூடைக்குள் போய், கூடை காருக்குள் போகட்டும். நகை வங்கிக்குப் போகட்டும். பாஸ்போட், மருந்து, வங்கிக் கடிதம் ஒன்றும் லாச்சியில் கிடக்கக்கூடாது. வீட்டில் இருந்துகொண்டு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க நினைக்காதீர்கள். நீங்கள் நிற்கும்வரை அவர்கள் அலுமாரியைத் திறக்கமாட்டார்கள், வாய்திறந்து ஒன்றும் கதைக்கவும் மாட்டார்கள்.

படம் எடுக்க வருகிற நாளுக்கு முதல்நாள் ஏணியோடு ஒருமுறை வீட்டைச் சுற்றுங்கள். பூட்டியிருக்கிற எதுவும், வேறுவிதமாக எழுதாவிட்டால், வீட்டோடு போகிற சாமான். ஊரிலிருந்து கொண்டுவந்து கொழுவிய பித்தளைத் தூக்குவிளக்கு, சிங்கப்பூரில் வாங்கிய சண்டிலியர், அம்மா தந்த நிலைக்கண்ணாடி என்று எதை விட்டுப்போக மனமில்லையோ, அதை அன்றைக்கே கழற்றி, அந்த இடத்தில் கடையில் வாங்கிய சாதாரண விளக்கைப் பூட்டிவிடுங்கள். படத்தில் ஒருமுறை வந்துவிட்டால் வாங்குகிறவர் அதையும் கேட்பார்.